பொய் வெற்றிடமும் மறைந்த பரிமாணங்களும்



மலைமேல் அமைந்த ஏரியின் நீர் அசைவின்றி நிற்கிறது. அதனினும் தாழ்ந்த நிலம் அடிவாரத்தில் உண்டு. கரை தடுப்பதால் நீர் அங்கே செல்வதில்லை. அமைதி வேறு, நிலைபேறு வேறு. அண்டவெளியின் வெற்றிடமும் இத்தகைய ஏரிதானோ என்னும் வினாவை இயற்பியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றனர்.

வெற்றிடம் என்பது வெறும் சூனியமன்று. பொருள்கள் அனைத்தையும் நீக்கிய பின்னும் புலங்கள் எஞ்சி நிற்கும். அவற்றின் ஆற்றல் மிகக் குறைந்த நிலையே மெய் வெற்றிடம். அண்டை நிலைகளைவிடத் தாழ்ந்திருந்தும், அப்பால் இன்னும் தாழ்ந்த நிலை ஒன்று உளதாயின், அது பொய் வெற்றிடம். ஏரி நீர் கரையை ஊடுருவாது. குவாண்டம் விதிகளின்படியோ தடையை ஊடுருவுதல் இயலும். அணுக்கருவிலிருந்து ஆல்பாத் துகள் வெளிப்படுவது இவ்வாறே என 1928-இல் விளக்கப்பட்டது. யுரேனியம்-238 பாதியாகச் சிதைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

1977-இல் அமெரிக்க அறிஞர் சிட்னி கோல்மன் இச்சிந்தனையை வெற்றிடத்துக்கு விரித்துக் கணக்கிட்டார். பொய் வெற்றிடத்தினுள் மெய் வெற்றிடக் குமிழி தோன்றும். அதன் உட்பகுதியால் ஆற்றல் மிச்சமாகிறது, சுவரால் செலவாகிறது. மிச்சம் ஆரத்தின் கனத்துக்கு ஏற்பவும், செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்பவும் வளரும். ஆகவே சிறு குமிழிகள் ஒடுங்கிவிடும். போதிய அளவுள்ளது ஒளியின் வேகத்தை நெருங்கிப் பரவும். ஈர்ப்பு சில நிலைகளில் இச்சிதைவை முற்றிலும் தடுக்கக்கூடும் என்பதை 1980-இல் கோல்மனும் பிராங்க் டி லூச்சியாவும் காட்டினர்.

கூடுதல் பரிமாணங்களைக் கொள்ளும் மாதிரிகளில் இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. 1921-இல் தியோடர் கலூசா ஐந்தாம் பரிமாணம் ஒன்றைக் கொண்டு ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் இணைக்க முயன்றார். அது நுண்வளையமாகச் சுருண்டிருக்கலாம் என 1926-இல் ஆஸ்கர் கிளைன் கூறினார். அவ்வளையம் அப்படியே நீடிக்குமா? 1982-இல் எட்வர்டு விட்டன் ஆராய்ந்த எளிய மாதிரியில் நீடிக்கவில்லை. வளையம் ஓரிடத்தில் சுருங்கிப் புள்ளியாகிறது. வெளியே அங்கு முடிவுறுகிறது. உள்ளே இடமென்பதே இல்லாத அக்குமிழி விரிந்துகொண்டே செல்கிறது.

அண்டத்தின் விரிவு வேகம் கூடிவருவது 1998-இல் தெரியவந்தது. பத்துப் பரிமாணங்கள் கொண்ட இழைக் கோட்பாட்டில் இதற்கு இடமுண்டா? மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்தீப் திரிவேதியும், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஷமித் கச்ரு, ரெனாட்டா கல்லோஷ், ஆந்திரே லிண்டே ஆகியோரும் 2003-இல் ஒரு வழி காட்டினர். அவர்தம் மாதிரியில் ஆறு பரிமாணங்கள் சுருண்டு நிற்கின்றன. எனினும் அந்நிலை பொய் வெற்றிடமே. அது சிதைந்தால் சுருண்டவை விரியத் தொடங்கும். ஆனால் அதன் ஆயுள், அண்டத்தின் வயதாகிய சுமார் 1,380 கோடி ஆண்டுகளைவிட ஒப்பிட இயலாத அளவு நீண்டது. இம்மாதிரியின் சில படிகள் குறித்து விவாதம் தொடர்கிறது. கூடுதல் பரிமாணங்களுக்குச் சோதனைச் சான்று இன்னும் கிட்டவில்லை.

துகள்முடுக்கிகள் இத்தகைய சிதைவைத் தூண்டிவிடுமோ என்ற ஐயமும் எழுந்தது. 1983-இல் பியட் ஹட், மார்ட்டின் ரீஸ் ஆகியோர் அதற்கு விடை கண்டனர். அண்டக் கதிர்கள் அம்முடுக்கிகளினும் மிக்க ஆற்றலுடன் கோடானுகோடி முறை மோதியுள்ளன. வெற்றிடம் நிலைத்தே இருக்கிறது. 2012-இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளின் நிறையும், நமது வெற்றிடம் பொய்யாயிருப்பினும் மிக நீண்ட ஆயுள் உடையது என்பதையே சுட்டுகிறது.

பெருஞ்செலவில் அமையும் ஆய்வுக் கருவிகளைக் குறித்து மக்கள் அஞ்சி வினவுவது இயல்பு. அவ்வினாவை ஒதுக்காமல், கணக்கிட்டு விடை கூறும் ஆற்றல் நாட்டுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். உடனடிப் பயன் தோன்றாத அடிப்படை ஆய்வை வளர்ப்பதற்கு இதுவும் தக்கதொரு காரணமாகும்.