லைக் வேற, லாபம் வேற!

(கடலூர், சிதம்பரம் பகுதியில் உணவுப் பொருள் தயாரித்து விற்கும் தோழர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, தொழில் செய்யுற உங்க வீட்டுப் பெண்களுக்கும் பகிருங்க.)



எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி. போன மாசம் உங்க பேஸ்புக், இன்ஸ்டா பக்கத்துக்கு எத்தனை லைக் வந்துச்சுன்னு கேட்டா உடனே சொல்லிடுவீங்க. அந்தப் பக்கத்தால கையில எவ்வளவு பணம் நின்னுச்சு? அதைக் கேட்டா பல பேர் யோசிக்கிறோம். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த ரெண்டாவது கேள்வியைப் பத்திதான்.

நம்ம மாவட்டத்துல பேர் எடுத்த பண்டத்துக்குப் பஞ்சமே இல்லை. பண்ருட்டி பலா, பண்ருட்டி முந்திரி, பரங்கிப்பேட்டை அல்வா, முதுநகர் கருவாடு, சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு. இத்தனை பேர் இருந்தும், முந்திரிக்கொட்டை உடைச்சு உடைச்சு அதோட எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போன அக்காவுக்குக் கிடைக்கிறது கூலிதான். பருப்பைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோய், அழகான டப்பாவுல போட்டு விக்கிறவருக்குத்தான் லாபம். இந்த நிலையை மாத்த நம்ம கையில இருக்கிற செல்போன் உதவும். ஆனா கணக்குத் தெரிஞ்சு பயன்படுத்தினாத்தான் உதவும்.

ஒரு கணக்குச் சொல்றேன், எழுதிக்கோங்க. கால் கிலோ முந்திரி பாக்கெட் 300 ரூபாய்னு வச்சுக்குவோம். பருப்பு, பாக்கெட், கூரியர், உங்க உழைப்புக்கான கூலி எல்லாம் சேர்த்து 240 ரூபாய். மீதி 60. இப்போ 1,500 ரூபாய் கட்டி ஒரு வீடியோவை விளம்பரம் பண்றீங்க. 40,000 பேர் பார்க்குறாங்க, 20 பாக்கெட் விக்குது. ஊரே பாராட்டும். ஆனா மீதி 1,200, செலவு 1,500. கைநட்டம் 300 ரூபாய்!

அடுத்த வாரம் 500 ரூபாய் மட்டும் கட்டுறீங்க. 3,000 பேர்தான் பார்க்குறாங்க, 15 பாக்கெட் விக்குது. மீதி 900. விளம்பரச் செலவு போக 400 ரூபாய் லாபம். எது நல்ல விளம்பரம்? நீங்களே சொல்லுங்க.

ஆக, மனசுல வச்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பாக்கெட் விக்க ஆகுற விளம்பரச் செலவு, அந்தப் பாக்கெட்டுல நிக்கிற மீதியைத் தாண்டக் கூடாது. முதல் விளம்பரத்துல பாக்கெட்டுக்கு 75 ரூபாய் ஆச்சு, தாண்டிடுச்சு. ரெண்டாவதுல 33 ரூபாய்தான். அந்த 15 பேர்ல 6 பேர் அடுத்த மாசம் திரும்ப வாங்கினா, விளம்பரச் செலவே இல்லாம இன்னொரு 360 ரூபாய். அதனால வாங்கினவங்க நம்பரை, அவங்க சம்மதத்தோட, வாட்ஸ்அப் பிசினஸ்ல சேர்த்து வைங்க. புதுசா பத்துப் பேரைத் தேடுறதைவிட, வாங்கின ஒருத்தரைத் திரும்ப வாங்க வைக்கிறது சுலபம்.

எந்த விளம்பரம் வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? ஆர்டர் பண்றவங்ககிட்ட "எங்க பார்த்தீங்க?"ன்னு கேளுங்க. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு தனிச் சொல் கொடுங்க. "பலா"ன்னு சொன்னா அந்த வீடியோ, "முந்திரி"ன்னு சொன்னா இந்த வீடியோ. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அடுத்தது, பண்டத்துக்கு ஏத்த ஆள் யாருன்னு பார்க்கணும். முந்திரி, பலா சிப்ஸ், கருவாடு சென்னைக்கும் போகும், கோவைக்கும் போகும். கொத்சு போகுமா? ஊசிப்போயிடும். கொத்சு விக்கிறவங்க சென்னைக்காரங்களுக்கு விளம்பரம் காட்டினா காசு தண்டம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்துல ஜனம் குவியுதே, அந்த நாள்ல ஊரைச் சுத்திச் சில கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும் காட்டுங்க. அந்த வசதி விளம்பர அமைப்புலேயே இருக்கு. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில கடை போடுறவங்களும் இதையே செய்யலாம்.

என்ன போடணும்? உண்மையைப் போடுங்க. முந்திரியில W320னு ஒரு ரகம் இருக்கு. ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, சுமார் 320 பருப்பு நிக்கும். W180 அதைவிடப் பெருசு, சுமார் 180 பருப்புதான். இதைத் தராசு வச்சு எண்ணிக் காட்டுங்க. வாங்குறவர் விலையைப் புரிஞ்சுக்குவார், பேரம் குறையும்.

பணம் கொடுத்து யூடியூபர் தம்பியைக் கூப்பிட்டுப் பேச வச்சா, அது விளம்பரம்னு தெளிவாச் சொல்லச் சொல்லுங்க. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே இதுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. வீட்டுல செஞ்சு வித்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும். அந்த 14 இலக்க எண்ணை பாக்கெட்லயும் போடுங்க, பதிவுலயும் போடுங்க.

கடைசியா, எல்லாத்தையும்விட முக்கியமானது. பண்ருட்டி பலாவுக்கும் முந்திரிக்கும் 2025-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அது நம்ம மண்ணுல விளைஞ்சதுக்குத்தான். ஆப்பிரிக்காவுல இருந்து வந்த கொட்டையை இங்க உடைச்சு விக்கிறதுல தப்பில்லை, பல குடும்பம் அதுலதான் பிழைக்குது. ஆனா அதை "பண்ருட்டியில விளைஞ்சது"ன்னு பதிவு போட்டா, அது நம்ம பேரை நாமே கெடுக்குறது. குறியீட்டு முத்திரையைப் பயன்படுத்தணும்னா முறைப்படி பதிவு பண்ணிக்கோங்க. விவசாயிகள் தனித்தனியா அலையாம, சேர்ந்து போய் பண்ணுங்க.

2011 டிசம்பர் 30, தானே புயலை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தாத்தா வச்ச பலா மரமும் முந்திரித் தோப்பும் ஒரே நாள்ல சாஞ்சுது. திரும்பக் கன்னு வச்சு, காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் காத்திருந்தோம்! அப்படிக் காத்திருந்து மீட்ட பேரை ஒரு பொய்ப் பதிவுக்காக இழந்துடாதீங்க.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. போன மாச விளம்பரச் செலவு, அதால வந்த ஆர்டர், கையில நின்ன மீதி, இந்த மூணையும் எழுதிப் பாருங்க. நட்டம் கொடுத்த விளம்பரத்தை நாளைக்கே நிறுத்துங்க.

விளைவிக்கிற கைக்கும் உடைக்கிற கைக்கும் லாபம் வந்து சேரட்டும்!

#பண்ருட்டிமுந்திரி #நம்மஊர்நம்மபண்டம்