கயிறு கட்டாமல் சாரம் ஏறோம்
(மும்பை, தாராவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஆள் சாரத்திலிருந்து விழுந்தால் மேஸ்திரி முதலில் சொல்வது, "குடித்திருந்தான்" என்பதே. பத்தடியிலிருந்து விழுபவன் ஒரு நொடிக்குள் தரையில் கிடக்கிறான். குடிக்காதவன் மட்டும் சுதாரித்துவிடுவானா?

"பெல்ட் கொடுத்தோமே" என்கிறார்கள். கொடுத்தார்கள், சரி. கொக்கியை எங்கே மாட்டுவது, ஆடுகிற மூங்கிலிலா? கட்டடத்தின் உறுதியான தூணில், தலைக்குமேல் கட்டிய கயிறு வேண்டும். வெறும் இடுப்புப் பட்டை விழும் வேகத்தில் முதுகெலும்பையே முறிக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை வேண்டும். மிதிபலகையின் ஓரத்தில் தடுப்புக் கம்பியும் வேண்டும்.

"அவன் கண்டிராக்டர் ஆள்" என்று பில்டர் கைவிரிப்பார். 1923-ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவே அந்தச் சாக்கை அடைத்தது. ஆனால், ஹாஜரிப் புத்தகத்தில் பெயரில்லாதவன் அங்கே வேலை செய்ததையே மறுத்துவிடுவார்கள். ஆகவே பெயர் ஏறியதா என்று தினமும் பார்ப்போம். நாளை முதல், கயிறு கட்டும்வரை நம்மில் ஒருவரும் சாரத்தில் கால் வைப்பதில்லை.