சொர்க்கம் எந்தப் பக்கம்?
(சங்கத்தின் மிஃராஜ் இரவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

மிஃராஜ் வரலாற்றை எனக்கு முன் ஹஜ்ரத் அவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எழும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏழு வானங்களைக் கடந்து ஸித்ரத்துல் முன்தஹாவை அடைந்தார்கள். அதன் அருகில்தான் ஜன்னத்துல் மஃவா என்று அந்நஜ்ம் அத்தியாயம் கூறுகிறது. அப்படியானால் சொர்க்கம் எங்கே? ராக்கெட்டில் போனால் வந்துவிடுமா?

இதை நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் ஒரு மௌத் நடந்த பிறகு கேட்கிறார்கள். "நன்னா மேலே போயிட்டாங்கன்னா, எவ்வளவு மேலே?" நாமோ, "இப்படியெல்லாம் கேட்காதே, ஈமான் போயிடும்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை பதினாறு வயதில் வானியல் படிக்கும்போது, நம் மார்க்கத்தில் இதற்குப் பதிலே இல்லை போலிருக்கிறது என்று தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. எனக்குக் கவலை அதுதான்.

முதலில் 'மேலே' என்ற சொல். நாம் இங்கே கையேந்தி துஆ கேட்கிறோம். நம் காலுக்கு நேர் கீழே பூமியைத் துளைத்துக்கொண்டே போனால் மறுபுறம் தென்னமெரிக்காவின் ஈக்குவடார் நாடு வரும். அங்கே ஒருவர் கையேந்தினால், அது நமக்கு நேர் எதிர்த்திசை. ஆனால் அவருக்கும் அது மேலேதான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 900 ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். தொழுகைக்குக் கஃபா கிப்லாவாக இருப்பதுபோல் துஆவுக்கு வானம் கிப்லா என்றார்கள். கஃபாவை நோக்கித் தொழுவதால் அல்லாஹ் அதற்குள் இருக்கிறான் என்று நம்மில் யாரும் எண்ணுவதில்லையே.

அடுத்தது தூரம். சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகிறது. ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் ஒளிக்கு 25 லட்சம் ஆண்டுகள். இன்றைய கணக்குப்படி நாம் காணத்தக்க பிரபஞ்சத்தின் குறுக்களவு ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டுகள். 1977-இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஓடியும், ஒளி ஒரே நாளில் கடக்கும் தூரத்தைத்தான் கிட்டத்தட்ட எட்டியிருக்கிறது!

இத்தனை நட்சத்திரங்களையும் திருக்குர்ஆன் எங்கே வைக்கிறது? மிக அருகிலுள்ள வானத்தை விளக்குகளால் அலங்கரித்திருப்பதாக அல்முல்க் அத்தியாயம் கூறுகிறது. ஆகவே தொலைநோக்கி எட்டுவதெல்லாம் முதல் வானத்து எல்லைக்குள்தான் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. சொர்க்கத்தின் அகலமோ வானங்கள், பூமி அளவு என்று ஆலு இம்ரானில் வருகிறது. அகலமே அவ்வளவு என்றால், அதை இந்தப் பிரபஞ்சத்தின் ஒரு மூலையில் தேடுவது, வீட்டை அதன் அலமாரிக்குள் தேடுவது போலத்தான்.

இந்த வசனத்தை வைத்தே பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒரு கேள்வி வந்தது. முஸ்னத் அஹ்மதில் உள்ள செய்தி இது. ரோமப் பேரரசர் ஹிர்கலிடமிருந்து வந்த கேள்வி: சொர்க்கம் அவ்வளவு அகலம் என்றால் நரகத்துக்கு இடமேது? நாயகம் (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. பகல் வந்ததும் இரவு எங்கே போகிறது என்று திருப்பிக் கேட்டார்கள். இப்னு கஸீர் (ரஹ்) இதற்கு இரு விளக்கம் தருகிறார்கள். பகலில் இரவு நம் கண்ணில் படாததால் அது எங்குமே இல்லை என்றாகிவிடாது என்பது ஒன்று. உலகின் ஒரு பக்கத்தைப் பகல் மூடும்போது மறுபக்கத்தில் இரவு இருக்கிறது என்பது மற்றொன்று. இங்கே நடுப்பகலாக இருக்கும்போது ஈக்குவடாரில் நள்ளிரவு!

1961-இல் யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்வந்தபோது, அங்கே கடவுளைக் காணவில்லை என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சைப் பரப்பினார்கள். அவர் போன உயரம் 330 கிலோமீட்டருக்கும் குறைவு. நம் பக்கத்திலோ, 2007 ரமலானில் மலேசியாவின் டாக்டர் ஷேக் முஸாஃபர் விண்வெளி நிலையம் சென்றார். அதன் உயரம் சுமார் 400 கிலோமீட்டர், சிங்கப்பூர் – கோலாலம்பூர் சாலைத் தூரத்தைவிடச் சற்றே அதிகம். அங்கே ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கும். எப்படித் தொழுவது, கிப்லா எது என்று மலேசிய ஆலிம்கள் முன்கூட்டியே ஆராய்ந்து வழிகாட்டி வெளியிட்டார்கள். முடிந்தால் கஃபாவை நோக்கு, இயலாவிட்டால் அதன் நேர் மேலுள்ள வெளியை, அதுவும் இயலாவிட்டால் பூமியை, எதுவுமே முடியாதபோது எத்திசையும் சரி என்றார்கள். கேள்வி கேட்டால் ஈமான் போகும் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். 'விஞ்ஞானிகள் சொர்க்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது படம் வந்தால் தயவுசெய்து குடும்பக் குழுவில் போடாதீர்கள். நாளை அந்தப் படம் பொய்யென்று தெரிந்ததும், பிள்ளைகள் படத்தோடு சேர்த்து சொர்க்கத்தையும் தள்ளிவிடுவார்கள்.

சொர்க்கம் இப்போதே படைக்கப்பட்டுவிட்டது என்பது அஹ்லுஸ் ஸுன்னாவின் கொள்கை. மறுமையில்தான் படைக்கப்படும் என்றார்கள் முஃதஸிலாக்கள். பாவா ஆதம் (அலை) அவர்கள் குடியிருந்த சோலை வானத்திலா பூமியிலா என்பதில்கூட அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. இப்னுல் கையிம் (ரஹ்) இரு தரப்பு ஆதாரங்களையும் பல அத்தியாயங்களில் எடுத்து எழுதியிருக்கிறார்கள். இப்படியெல்லாம் வாதாடியவர்கள் யாரும் ஒருவரையொருவர் "கேட்காதே" என்று அடக்கவில்லை.

இனி பேரப்பிள்ளை கேட்டால், மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "நன்னா இப்போ பர்ஸக்கில இருக்காங்க, கண்ணு. சொர்க்கம் ராக்கெட் போற வழியில இல்ல. அல்லாஹ் அதைப் படைச்சு வச்சிருக்கான். எந்தக் கண்ணும் பார்த்ததில்லேன்னு ரஸூலுல்லாஹ் சொல்லியிருக்காங்க. நன்னாவுக்காக ஒரு யாஸீன் ஓதலாமா?"