ரைன் நதியும் அடைக்காத சாக்கடையும்

ஆலை விஷம் ஆற்றில் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசும்படி தலைவர் அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார். நான் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. வாசித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு சம்பவத்தை மாத்திரம் சொல்லுகின்றேன்.

ஐரோப்பாவில் ரைன் என்றொரு பெரிய நதி. சுவிட்சர்லாந்து மலையில் உற்பத்தியாகி, ஜெர்மனி வழியாக ஓடி, ஆலந்து தேசத்தில் கடலில் விழுகின்றது. நாம் ஆற்றைத் தாய் என்கிறோம். ஜெர்மானியர் ரைனைத் தகப்பன் என்பார்கள். தாயானாலும் தகப்பனானாலும் விஷத்தைக் குடித்தால் கதி ஒன்றுதானே!

1986ம் வருஷம் நவம்பர் 1ந் தேதி நள்ளிரவு கழிந்ததும், பாசெல் நகருக்குப் பக்கத்தில் ஷ்வைசர்ஹாலே என்னுமிடத்தில், சாண்டோஸ் கம்பெனியாரின் கிடங்கொன்று தீப்பற்றிக்கொண்டது. உள்ளே சுமார் 1350 டன் சரக்கு. பெரும்பாலும் பூச்சி மருந்து. பயிர் நோய்க்குப் போடும் பாதரச மருந்தும் உண்டு. அன்றைய தினம் கிறிஸ்தவர்களுக்குச் சகல பரிசுத்தவான்களின் திருநாள். ஒருவரல்ல, இருவரல்ல, அத்தனை பேருக்கும் உரிய நாள்!

தீயணைப்போர் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; பக்கத்துக் கிடங்குகளுக்குத் தீ பரவாமல் தடுக்க வேண்டாமா? ஆனால் பீய்ச்சிய தண்ணீர் எங்கே போகும்? 10,000 கன மீட்டருக்கு மேற்பட்ட நீர், விஷத்தைக் கரைத்துக்கொண்டு சாக்கடை வழியாக நேரே நதியில் இறங்கிற்று. நதி சிவந்துவிட்டது. நைல் நதி இரத்தமாக மாறிய கதையைப் படித்தவர்கள் பயந்திருக்கலாம். அது கிடங்கிலிருந்த சாயம், தோழர்களே, சாயம்!

விடியுமுன் நகரத்தில் அபாயச் சங்கு ஊதினார்கள். சன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டிற்குள் இருங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அழுகிய முட்டை நாற்றம் ஊரெங்கும் வீசிற்று. ஆற்றில் விழுந்த விஷம் ஒரே இடத்தில் நிற்காது. ஆட்டு மந்தை மாதிரிக் கூட்டமாக நகர்ந்து போகும். நீரின் வேகம் தெரிந்தால் எந்த ஊரை எப்போது கடக்கும் என்று கணக்கிடலாம். அது கடந்து போகும்வரை குடிதண்ணீர் எடுக்கும் மதகை மூடிவிட வேண்டும். அப்படியே ஆலந்து வரையில் மூடினார்கள். சில ஊர்களுக்கு வண்டிகளில் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஆனால் கீழேயுள்ள தேசங்களுக்கு முதல் சேதி தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. விஷம் தாமதிக்கவில்லை.

மனிதர் தப்பினார்கள். மதகை மூடச் சொல்ல விலாங்குக்கு யார் இருக்கிறார்கள்? சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஏறக்குறைய 1,50,000 விலாங்குகள் செத்து மிதந்தன.

இதை விதி என்று சொல்லுகின்றவர்களுக்கு ஒரு சங்கதி. 1981லேயே ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியார் அந்தக் கிடங்கைப் பார்வையிட்டு, தீ வந்தால் அணைக்கும் நீரைத் தேக்க இங்கே தொட்டி இல்லையே என்று எழுதி வைத்தார்கள். ஐந்து வருஷம் முந்தி! விதி எழுதியதை யாரும் படித்ததில்லை. இதையோ எழுத்தில் கொடுத்தும், ஒரு தொட்டி வெட்டுவாரில்லை. தொட்டிக்காகும் பணம் கம்பெனியார் கையிலிருந்து போக வேண்டும். செத்த மீனின் நஷ்டமோ ஊரார் தலையில் விழுகின்றது. இதற்குச் சோசியம் பார்க்க வேண்டுமா?

ஜனங்கள் சும்மாயிருக்கவில்லை, வீதிக்கு வந்து கூச்சலிட்டார்கள். அதன் பிறகே ஆலைகளில் தொட்டிகள் வந்தன. 1987ல் ரைன் கரைத் தேசத்து மந்திரிகள் கூடி, 2000ம் வருஷத்துக்குள் சால்மன் மீன் திரும்பி வரும்படி நதியைச் சுத்தம் செய்வதென்று ஒரு திட்டம் போட்டார்கள். பாசெலுக்குக் கீழே வைல் என்னுமிடத்தில் 1993 முதல் ஒரு நிலையம் வேலை செய்கின்றது. ஆற்றின் குறுக்கே ஐந்து இடங்களிலிருந்து தண்ணீரை இழுத்து இரவும் பகலும் சோதிக்கிறார்கள். ஒரு கரையில் மாத்திரம் எடுத்தால் மறு கரையோரம் போகிற விஷம் அகப்படாது பாருங்கள், அதனால்தான் ஐந்து. 2008ல் பாசெலிலேயே ஒரு சால்மன் தூண்டிலில் சிக்கிற்று.

நேரமாகிவிட்டபடியால் நிறுத்திக்கொள்கிறேன். சந்தேகமுள்ள தோழர்கள் எழுந்து கேட்கலாம்.