விதை ஆய்வாளரிடமிருந்து தொடங்குவோம்
(சேரங்கோடு அறக்கட்டளைச் சொற்பொழிவு)

  

மரபணு மாற்றப் பயிர்களைக் கண்காணிக்கும் பயிற்சியை யாருக்குத் தருவது? இதில் எனக்கும் என் துறை நண்பர்களுக்கும் உள்ள வழக்கு உங்களில் பலருக்குத் தெரியும். டெல்லிக் குழுக்களில் அமரும் அறிவியலாளர்கள் இடர் மதிப்பீட்டில் தேர்ந்துவிட்டால் போதும் என்பது அவர்கள் கட்சி. விதை ஆய்வாளரும் உதவி வேளாண்மை அலுவலரும் முதலில் தேற வேண்டும் என்பது என் கட்சி.

குஜராத்தை எடுத்துக்கொள்வோம். 2001இல் அங்கே காய்ப்புழு பருத்தியைச் சூறையாடியது. நவ்பாரத் 151 என்ற வீரிய ஒட்டுப் பருத்தி மட்டும் காய் பிடித்து நின்றது. காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு நாட்டில் அப்போது அனுமதியே இல்லை. நவ்பாரத் 151உம் பி.டி. பருத்திதான் என்று கண்டுபிடித்தவர் அரசு அலுவலர் அல்லர். தன் பி.டி. பருத்தியைச் சந்தைக்குக் கொண்டுவர அனுமதிக்குக் காத்திருந்த மஹிகோ நிறுவனம் புகார் கொடுத்தது. சோதித்தார்கள். உள்ளே இருந்தது பி.டி. பருத்திக்குரிய கிரை1ஏசி மரபணு. அக்டோபரில், பயிரை எரிக்கச் சொல்லி மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு ஆணையிட்டது. அதற்குள் முதல் பறிப்புப் பஞ்சு சந்தைக்குப் போய்விட்டது. அந்த ஆண்டு கையில் காசு பார்த்த விவசாயி, நிற்கிற பயிருக்குத் தீ வைப்பாரா? ஆணை பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. 2002 மார்ச் 26 அன்று பி.டி. பருத்திக்கு அனுமதியும் வந்தது.

இதில் டெல்லிக்கு எந்த அறிவு குறைந்தது? இலை கைக்கு வந்ததும் ஆய்வகம் சரியாகவே சொன்னது. இலையைப் பறித்து அனுப்ப வேண்டிய கைதான் இல்லை. அந்தக் கைக்கு 1989 டிசம்பர் விதிகளிலேயே இடம் இருக்கிறது: மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு மாவட்டக் குழு, அதில் வேளாண்மை அலுவலரும் உறுப்பினர். 2001இல் பன்னிரண்டு ஆண்டு ஆகவிருந்த அந்த விதி, விதைக்கடை வரை வரவில்லை. கள அலுவலருக்குப் பயிற்சி தாருங்கள் என்று சொன்னால், மூலக்கூறு உயிரியல் படிக்காதவருக்கு என்ன புரியும் என்கிறார்கள் என் நண்பர்கள். ஒரு துண்டு இலையைச் சிறு குழாயில் கரைசலோடு நசுக்கி, பரிசோதனைப் பட்டையை நிறுத்தினால் சில நிமிடத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் அந்த மரபணு உண்டாக்கும் புரதம் இல்லை, இரண்டு என்றால் உண்டு. இதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. எந்தச் செடியில் எடுப்பது, எத்தனை இலை, உறையில் யார் கையெழுத்து, விவசாயியிடம் என்ன சொல்வது என்பதுதான் பயிற்சி. என் நண்பர்களின் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பிற்பகல்கூட இல்லை.

இப்படிக் களத்திலேயே கண்டறிவது நம் நீலகிரி மலைக்குப் புதிதல்ல. 1961இல் உதகை விஜயநகரத்தில் உருளைக்கிழங்குத் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. பூக்கும் பருவத்தில் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகினும் சிறிய மஞ்சள் மணிகள் தெரியும். பார்க்கத் தெரிந்த கண் வேண்டும், அவ்வளவுதான்.

மீண்டும் பருத்திக்கு வருவோம்: அனுமதியின்றி விற்கும், களைக்கொல்லி தாங்கும் கள்ளப் பருத்திக்குத் தனிப் பரிசோதனைப் பட்டை வேண்டும். அதை விரிக்க இன்று நேரமில்லை. இனிச் செய்ய வேண்டியவை சில: கேரள எல்லையில் உள்ள தாளூர், சோலாடி சோதனைச்சாவடிகளில் விதை மாதிரி எடுப்பது பற்றி யாராவது ஓர் ஆய்வேடு எழுதலாம். மாவட்டக் குழுக்கள் எங்கெங்கே கூடின என்று கூட்டக் குறிப்புகளைத் திரட்டலாம். தமிழில் ஒரு கையேடு வேண்டும். உயிரியல் பாதுகாப்புக்கான கார்டகெனா நெறிமுறையில் இந்தியா 2003இல் சேர்ந்ததால் வந்த கடமைகளையும் அதில் சேர்க்கலாம். எழுத முன்வரும் இளைஞர்களுக்கு என் குறிப்பேடுகளைத் தருகிறேன்.