பாறையைப் படித்த பெண்

(விருதுநகரில் பெற்றோர், மாணவியர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



வெடிமருந்தைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒருபுறம் சிவகாசிப் பட்டாசு, மறுபுறம் கல்குவாரி வேட்டு. 2024 மே முதல் நாள், அதுவும் தொழிலாளர் தினத்தன்று, காரியாபட்டி பக்கம் ஆவியூரில் குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று உயிர்கள் போயின. சரி, வேட்டு வைத்த பிறகு மிச்சம் நிற்கிறதே பாறை, அது நிற்குமா, சரியுமா? அதைக் கணக்குப் பார்ப்பவர் யார்?

அதற்கென்றே ஒரு படிப்பு உண்டு. பாறைப் பொறியியல் என்பார்கள்.

பேராசிரியை மாதவி லதா அதைத்தான் தம் துறையாக எடுத்துக்கொண்டார். ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். 1992இல் காக்கிநாடாவில் பொறியியல் பட்டம், அடுத்து வாரங்கல், 2000இல் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியை.

ஜம்முவில் செனாப் நதிக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் ரயில் பாலம் கட்டினார்களே, அதன் மலைச்சரிவுகளுக்கு 17 ஆண்டுகள் ஆலோசனை சொன்னவர் இவர். அந்த மலை ஒரே கல் அல்ல. விரிசல் விழுந்த பாறை. தோண்டத் தோண்ட உள்ளே பொந்துகள்! முதலில் போட்ட வரைபடத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் வேலை நடந்திருக்காது. தோண்டியபோது பாறை என்ன காட்டியதோ அதற்கேற்பக் கணக்கை மாற்றினார். விரிசல்களில் சிமெண்ட் கலவையைச் செலுத்தி, இரும்புக் கம்பிகளால் பாறையோடு பாறையைப் பிணைத்தார்கள். 2025 ஜூன் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது.

அதற்குப் பதினேழே நாள் முன்பு, மே 20 அன்று, சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். 2022 மே மாதம் நெல்லைச் சீமையில் அடைமிதிப்பான்குளம் குவாரியில் நால்வர். பாலத்துக்குக் கிடைத்த கணக்கு, கூலிக்காரனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

குவாரியைப் படிக்கட்டுபோல வெட்ட வேண்டும், கடினப் பாறையில் ஒரு படி 6 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று 1961ஆம் ஆண்டின் சுரங்க விதிகளே சொல்லிவைத்தன. நம் ஊர்ப்பக்கக் குவாரிகளை எட்டிப் பாருங்கள்! கிணறுபோல நெட்டுக்குத்தாக இறங்குகிறது. நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தாய்மார்களே, 2019 வரை இந்த நாட்டில் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்க்கச் சட்டமே இடம் தரவில்லை. இன்று அந்தத் தடை இல்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் இருக்கிறது. பிள்ளை கேட்டால், "பெண்ணுக்கு எதற்குக் கல்லும் மண்ணும்?" என்று தடுக்காதீர்கள். வாலிபர்களே, உங்கள் ஊரில் குவாரிக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால், போய் உட்காருங்கள். "சரிவு நிற்கும் என்று கணக்குப் போட்டவர் யார், அந்த அறிக்கை எங்கே?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.