ஒரு படம், எத்தனை கைகள்?



சான் பிரான்சிஸ்கோவின் லீஜியன் ஆஃப் ஆனர் அருங்காட்சியகத்துக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். அங்குள்ள அச்சன்பாக் தொகுப்பில் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் உண்டு. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதால் இத்தகைய படங்களை எந்நாளும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. எங்கேனும் ஒன்று கண்ணில் பட்டால், ஓவியர் பெயரை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

1235 வாக்கில் புஜிவாரா நோ தெய்கா என்ற கவிஞர், நூறு புலவர்களிடமிருந்து ஆளுக்கொரு பாட்டாக எடுத்துத் தொகுத்தார். ஒவ்வொன்றும் 31 அசை. நம் குறுந்தொகை போலப் பலர் பாடிய சிறு பாட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவை அடுத்த ஒகுரா மலையின் பெயரால் அத்தொகுப்பு வழங்குகிறது.

அறுநூறு ஆண்டுகள் கழிந்தன. 1842இல் ஜப்பானிய அரசு, நாடக நடிகர்கள், கணிகையர் படங்களை அச்சிடத் தடை போட்டது. அச்சுக்காரர்களுக்குப் பிழைப்பே அதில்தான். அதன்பின், 1840களின் பிற்பாதியில், இபாயா சென்சாபுரோ என்ற பதிப்பாளர் மேலே ஒகுராப் பாட்டையும் கீழே அதற்குப் பொருந்தும் ஒரு கதைக் காட்சியையும் வைத்து நூறு படங்களை வெளியிட்டார். கதையில் வரும் வீரனின் முகத்தில் பிரபல நடிகரின் சாயல் இருந்தாலும் பெயர் இராது! வரைந்தவர்கள் குனியோஷி, ஹிரோஷிகே, குனிசதா என்ற மூவர். ஒரே சந்தையில் போட்டியிட்டவர்கள் ஒரே வரிசையில் சேர்ந்தார்கள். படத்துக்கு உரை எழுதியவர் ரியூகாதெய் தானேகாசு.

பழம்பாட்டைத் திரையாகப் பிடித்தது அதற்கு அவமானம் இல்லையா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் நடிகர் முகத்துக்காகப் படம் வாங்கியவர் வீட்டுக்குள் பாட்டும் கூடவே போயிற்று அல்லவா?

இனி வேலைக்கு வருவோம். ஓவியர் மெல்லிய தாளில் வரைவார். அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டு மற்றதைச் செதுக்குவார் செதுக்குபவர். அதோடு ஓவியர் வரைந்த தாள் அழிந்துபோகும். பிறகு நிறத்துக்கு ஒரு கட்டை. அச்சிடுபவர் மூலையில் உள்ள அடையாளத்தோடு தாளைப் பொருத்தி, மூங்கில் மடலால் பொதிந்த வட்டத் தேய்ப்பானால் தேய்த்து, நிறம் நிறமாக ஏற்றுவார். மயிரிழை பிசகினால் படம் வீண்.

பதிப்பாளர், ஓவியர், உரைகாரர் பெயர்கள் கிடைத்துவிடுகின்றன. செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவரை அவர் சொல்லைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்தோம். இவர்களுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

நம் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் குழந்தை தனியே மேடையேறிக் குறளை ஒப்பித்து இறங்கிவிடுகிறது. ஒருமுறை மாற்றிச் செய்யலாமே! ஒரு குறளை எடுத்து, ஒருவர் எழுத, ஒருவர் வரைய, ஒருவர் உருளைக்கிழங்கில் அச்சு வெட்ட, இன்னொருவர் நிறம் ஒற்றட்டும். அந்தக் குறளை நால்வரும் மறக்கமாட்டார்கள். முடித்ததும், தாளின் ஓரத்தில் நால்வர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.